நடுராத்திரியில் வெளிநாட்டில் இறங்கினால்...



முன்பெல்லாம் பக்கத்து டவுனில் இருக்கும் வங்கிக்குத் தனியாகப் போகவே யோசிப்போம். இன்று நம்மில் பலர் விமானம் ஏறுகிறோம். மகளின் பிரசவத்துக்கு சிங்கப்பூர், மகனைப் பார்க்க மலேசியா, வீட்டு வேலைக்குக் குவைத், துபாய் என்று போய்வருகிறோம். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கமிருந்து போகும் விமானங்களில் பல ராத்திரியில்தான் கிளம்புகின்றன. போய் இறங்குவது நடுராத்திரி, இல்லையென்றால் விடியாத நேரம். பாஷை தெரியாது, ஊர் தெரியாது, அழைத்துப்போக வருகிறேன் என்றவரைக் காணோம். அப்போது என்ன செய்வது?

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். இரவில் இறங்குகிற பெண்ணுக்கு அந்த நேரத்தில் ஓரளவு பாதுகாப்பான இடம் விமான நிலையத்தின் உள்ளேதான். அங்கே விளக்கு இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, காவலர்கள் இருக்கிறார்கள், எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கிறது. வம்பு வருவது பெரும்பாலும் வெளியே போக அவசரப்படும்போதுதான். "பதறாத காரியம் சிதறாது" என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

எப்போது இறங்குவீர்கள்? கணக்குப் போடுங்கள்

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் நம்ம ஊர் நேரம். இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். மலேசியாவும் சிங்கப்பூரும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி இருக்கின்றன. துபாயும் ஓமனும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பிந்தி. குவைத், சவூதி, கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பிந்தி.

ஒரு உதாரணம் பார்ப்போம். திருச்சியில் இரவு 10 மணிக்கு விமானம் கிளம்புகிறது. கோலாலம்பூர் போக ஏறக்குறைய நாலு மணி நேரம். நம்ம ஊர்க் கணக்கில் இரவு 2 மணி. ஆனால் அங்கே கடிகாரத்தில் 4.30 ஆகியிருக்கும். "சரி, இன்னும் ஒரு மணி நேரத்தில் விடிஞ்சிடும்" என்று நினைக்க வேண்டாம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் காலை 7 மணி வாக்கில்தான் சூரியன் உதிக்கும். ஆறு மணிக்கும் அங்கே இருட்டுதான். அதனால் 4.30-க்கு இறங்குகிறவர் ஏழு, ஏழரை மணி வரை உள்ளேயே இருப்பது என்று முன்கூட்டியே மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

தேதியிலும் குழப்பம் வரும். 12ஆம் தேதி ராத்திரி 10 மணிக்குக் கிளம்பி துபாயில் நள்ளிரவு தாண்டி 12.30-க்கு இறங்கினால், டிக்கெட்டில் "13ஆம் தேதி 00.30" என்று போட்டிருப்பார்கள். அழைக்க வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு 13ஆம் தேதி மதியம் வந்து நிற்பார், அல்லது 13ஆம் தேதி ராத்திரி வருவார். நீங்கள் ஒரு ராத்திரி முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பீர்கள். எனவே தேதியை மட்டும் சொல்லாதீர்கள். "வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புறேன், அன்னைக்கு ராத்திரியே, சனி விடியறதுக்கு முன்னாடி இறங்கிடுவேன்" என்று கிழமையோடு சொல்லுங்கள். டிக்கெட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்லும் வரை விடாதீர்கள்.

எந்த வாசலில் இறங்குவீர்கள்?

கோலாலம்பூர் விமான நிலையம் என்று சொன்னால் போதாது. அங்கே இரண்டு முனையங்கள் உள்ளன. முதல் முனையம் ஒன்று. முன்பு கே.எல்.ஐ.ஏ. 2 என்று அழைக்கப்பட்ட இரண்டாம் முனையம் இன்னொன்று. ஏர் ஏஷியா விமானங்கள் இரண்டாம் முனையத்துக்குப் போகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக முடியாது. ரயிலோ பஸ்ஸோதான். நீங்கள் ஒரு முனையத்தில், உங்களை அழைக்க வந்தவர் மற்றொன்றில் நின்றால், இரண்டு பேரும் "ஆளைக் காணோமே" என்று தவிக்க வேண்டியதுதான். விமானத்தின் எண், முனையத்தின் எண் இரண்டையும் டிக்கெட் போட்டுக் கொடுத்தவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலும் நான்கு முனையங்கள் இருக்கின்றன. அங்கேயும் இதே விதிதான்.

இன்னொன்று. கோலாலம்பூர் விமான நிலையம் ஊருக்குள் இல்லை. சிப்பாங் என்ற இடத்தில், நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ராத்திரியில் முன்பின் தெரியாதவர் வண்டியில் ஏறினால், ஒரு மணி நேரம் அவர் கையில்தான் இருப்பீர்கள். அதனால்தான் உள்ளே இருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

1. போகும் வீட்டின் முழு முகவரி, ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், காகிதத்தில். செல்போனில் மட்டும் இருந்தால் சார்ஜ் தீர்ந்ததும் முகவரியும் போச்சு. இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கைப்பையிலும் இன்னொன்றைச் சுருக்குப் பையிலும் வையுங்கள்.

2. இரண்டு பேரின் போன் எண்கள். ஒன்று அந்த ஊரில் இருப்பவருடையது, மற்றது வீட்டில் இருப்பவருடையது. நாட்டு எண்ணோடு எழுதுங்கள். மலேசியாவுக்கு 60, சிங்கப்பூருக்கு 65, இந்தியாவுக்கு 91. ஒரு எண்ணையாவது மனப்பாடம் செய்யுங்கள். குழுவின் கணக்கு வழக்கை மனதிலேயே வைத்திருக்கும் நமக்கு இது ஒரு பெரிய விஷயமா?

3. பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றுக்கும் ஜெராக்ஸ். ஒரு செட் உங்களிடம், ஒரு செட் வீட்டில்.

4. அந்த ஊர்ப் பணம் கொஞ்சம். நம்ம ரூபாயைக் கொடுத்தால் டாக்சிக்காரர் வாங்க மாட்டார். அரசு அனுமதி பெற்ற பணம் மாற்றும் இடத்தில், ரசீதோடு, சின்ன நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

5. நம்ம ஊர் சார்ஜரின் உருண்டைக் கம்பி மலேசியா, சிங்கப்பூர், துபாயில் உள்ள பிளக்கில் சேராது. அங்கே தட்டையான மூன்று கம்பி. அதற்கான மாற்று பிளக்கை இங்கேயே வாங்கிவிடுங்கள். போனை முழுக்கச் சார்ஜ் செய்துகொண்டு ஏறுங்கள். அந்த நாட்டில் பேசுவதற்கான ரீசார்ஜையும் போட்டுக்கொள்ளுங்கள்.

6. நகையைக் குறையுங்கள். தாலிக்கொடியைப் புடவைக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

7. மற்றவர் கொடுக்கும் பார்சல் வேண்டவே வேண்டாம். "என் தம்பிக்கு ஊறுகாய்தான் அக்கா, கொடுத்திடுங்க" என்று விமான நிலையத்தில் யாராவது கெஞ்சினாலும் மறுத்துவிடுங்கள். போதைப் பொருள் கடத்தலுக்குச் சிங்கப்பூரில் தூக்குத் தண்டனை வரை உண்டு. பை யாருடையது என்று அங்கே சொல்லி அழுது பயனில்லை. நம் சமையலுக்குப் போடும் கசகசாகூட சிங்கப்பூரிலும் துபாயிலும் தடை செய்யப்பட்ட பொருள். மகளுக்குக் குருமா வைக்கத்தானே என்று எடுத்துப் போகாதீர்கள்.

8. மலேசியாவுக்குப் போகிறவர்கள், போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கும் அப்படித்தான். இரண்டுமே இலவசம். இதற்கு அரசாங்கக் கட்டணம் என்று சொல்லி ஆயிரம், இரண்டாயிரம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். இதை நிரப்பாமல் போனால் ராத்திரி நேரத்தில் அதிகாரி முன்னால் திணற வேண்டியிருக்கும்.

இறங்கியதும் என்ன செய்வது?

கூட்டம் ஓடுகிறதே என்று ஓடாதீர்கள். முதலில் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவுங்கள். மலேசியாவில் பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். மலாயில் கழிப்பறை "தண்டாஸ்". வெளியே போகும் வழி "கெலுவார்". "தோலோங்" என்றால் உதவி. இந்த மூன்று வார்த்தையும் போதும். சிங்கப்பூரில் தமிழும் ஆட்சிமொழிகளில் ஒன்று. தமிழ் பேசும் அதிகாரிகளும் ஊழியர்களும் அங்கே உண்டு. "தமிழ்?" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்பார். முகவரிக் காகிதத்தையும் திரும்பும் டிக்கெட்டையும் நீட்டுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கி, உள்ளே வைத்து, பையை மூடிய பிறகே அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

பெட்டியை எடுத்தபின் வெளி வாசலைத் தாண்டுவதற்கு முன்பே வீட்டுக்குப் போன் செய்யுங்கள். விமான நிலையத்தில் இலவச வைஃபை இருக்கும். இணைக்கத் தெரியாவிட்டால் சீருடை போட்ட ஊழியரிடம் போனை இணைத்துத் தரச் சொல்லுங்கள்.

அழைக்க வருகிறவர் வரவில்லையா?

பயம் வேண்டாம். போக்குவரத்து நெரிசல் இருக்கலாம், தூங்கியிருக்கலாம், முனையம் மாறியிருக்கலாம். தகவல் மையம் என்று ஒரு கவுண்டர் இருக்கும். அங்கே போய் முகவரிக் காகிதத்தைக் காட்டுங்கள். போன் நம்பரைக் காட்டி "கால்" என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். பிறகு அந்தக் கவுண்டர் கண்ணில் படுகிற மாதிரி, குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். பெட்டியில் காலை மாட்டிக்கொள்ளுங்கள். கைப்பை மடியில் இருக்கட்டும்.

இந்த நேரத்தில்தான் ஆட்கள் வருவார்கள். "டாக்சி? டாக்சி?" என்பார்கள். "அக்கா, தமிழா? எந்த ஊரு? நானும் நம்ம பக்கம்தான், வாங்க கொண்டுபோய் விடறேன்" என்று தேனாகப் பேசுகிறவரும் வரலாம். நல்லவராகக்கூட இருக்கலாம். ஆனால் நடுராத்திரியில் அதைச் சோதித்துப் பார்க்கிற நேரமில்லை. தமிழ் பேசுகிறார் என்பது ஒரு அத்தாட்சி ஆகாது. நம்ம குழுவில் நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக யாருக்காவது கடன் கொடுக்கிறோமா? தீர்மானம் வேண்டும், கையெழுத்து வேண்டும் என்கிறோம். அதே கண்டிப்பு இங்கேயும் வேண்டும். "என் பையன் பார்க்கிங்ல இருக்கான், வந்துட்டே இருக்கான்" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். அதன் பிறகும் விடாமல் நின்றால் தகவல் கவுண்டருக்கு எழுந்து போங்கள். சத்தமாகப் பேசுங்கள். மானம் போகாது.

"நீங்க மீனா அம்மாதானே? உங்க பையன் என்னை அனுப்பினார்" என்று யாராவது வந்தால்? பெட்டியில் ஒட்டிய சீட்டிலேயே உங்கள் பெயர் இருக்கும். அதனால் பெயர் தெரிந்திருப்பது போதாது. உடனே மகனுக்குப் போன் போட்டு அவரோடு பேசிய பிறகுதான் நகர வேண்டும்.

டாக்சியில் போயே ஆக வேண்டும் என்றால்

விமான நிலையத்தின் உள்ளே இருக்கும் டாக்சி கவுண்டரில் மட்டும் வண்டி எடுங்கள். கோலாலம்பூரில் போகும் இடத்தைச் சொல்லி முன்பணம் கட்டி கூப்பன் வாங்கலாம். சிங்கப்பூரில் டாக்சி நிற்கும் இடத்தில் வரிசையில் நின்றால் மீட்டர் போட்டுக் கொண்டுபோவார்கள். அங்கே நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணி வரை மீட்டரில் காட்டுவதற்கு மேல் பாதி கூடுதல் கட்டணம் உண்டு. இது சட்டப்படியான கட்டணம். 6 மணி வரை உட்கார்ந்திருந்தால் அந்தப் பணமும் மிச்சம்.

கிராப் போன்ற செயலியில் உங்கள் பிள்ளைகள் வண்டி பிடித்துக் கொடுத்தால், வண்டி எண்ணைச் சரிபார்த்த பிறகே கதவைத் திறங்கள். துபாயில் பெண்களே ஓட்டும், பெண்களுக்கான டாக்சிகள் உண்டு. கூரை இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும்.

எந்த வண்டியானாலும் சில விதிகள். பின் சீட்டில் உட்காருங்கள். பாஸ்போர்ட், பணம், போன் இருக்கும் பையை டிக்கியில் போடாதீர்கள். ஏறும் முன் வண்டி எண்ணைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். ஏறியதும் போனில், ஓட்டுநர் காதில் விழும்படி, "வண்டியில ஏறிட்டேன், நம்பர் அனுப்பியிருக்கேன்" என்று பேசுங்கள். எதிரில் யாரும் எடுக்காவிட்டாலும் பேசுங்கள். வழியில் வேறு ஆளை ஏற்றினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டு வாசலில் கதவு திறக்கும் வரை வண்டியை நிற்கச் சொல்லுங்கள்.

கோலாலம்பூரில் விடியும் வரை காத்திருக்கிறவர்களுக்கு ரயிலும் உண்டு. இரவில் சில மணி நேரம் ஓடாது. விடியற்காலையில் மறுபடி ஆரம்பிக்கும். விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரல் நிலையத்துக்கு அரை மணி நேரம்தான். ரயிலைத் தேடி வரும்படி உறவினரிடம் சொல்லிவிடலாம்.

வேலைக்குப் போகிற சகோதரிகள் கவனிக்க

மேலே சொன்னது எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் உங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். காரணம், உங்களை அழைக்க வருகிறவர் உறவினர் அல்ல. முகம் தெரியாத ஆள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஈ.சி.ஆர். வகையில் இருக்கும். அந்தப் பாஸ்போர்ட்டோடு வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016 முதல், இப்படிப் போகும் பெண்களை அரசு ஏற்றுக்கொண்ட அரசுத் துறை நிறுவனங்கள் மூலமாகத்தான் அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. நம் மாநிலத்தில் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இதைச் செய்கிறது. முறைப்படி போகிறவர்களுக்கு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு.

"இதெல்லாம் லேட் ஆகும், முதல்ல விசிட் விசால போயிடுங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்று ஊர் ஊராகத் தரகர்கள் சொல்கிறார்கள். அப்படிப் போனால் என்ன ஆகும்? நடுராத்திரியில் உங்களை ஏற்றிக்கொண்டு போகிறவர் யார், எந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்பது எந்த அரசாங்கக் காகிதத்திலும் இருக்காது. நாளைக்கு உங்களைத் தேடுகிறவர்கள் எங்கே தொடங்குவார்கள்? முறைப்படி போனால் முதலாளியின் பெயர், முகவரி, சம்பளம் எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். கேட்டால் பதில் சொல்ல ஒரு அலுவலகம் இருக்கும். இந்த வித்தியாசம்தான் உயிரைக் காப்பாற்றும்.

அழைக்க வருகிறவரின் பெயர், போன் எண் முன்கூட்டியே உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். அவர் வண்டியில் ஏறும் முன் வீட்டுக்குப் பேசுங்கள். "பாஸ்போர்ட்டைக் கொடும்மா, பத்திரமா வச்சிருக்கேன்" என்று கேட்டால் உடனே கொடுத்துவிடாதீர்கள். அது இந்திய அரசின் சொத்து. சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் மற்றவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது மலேசியச் சட்டத்திலும் குற்றம். மிரட்டிப் பிடுங்கினால் சண்டை போட்டு அடிபட வேண்டாம். உங்களிடம் இருக்கும் ஜெராக்ஸ் கைகொடுக்கும். வாய்ப்புக் கிடைத்ததும் இந்தியத் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்.

பக்கத்தில் ஆள் இருந்தால் போனில் மனம் விட்டுப் பேச முடியாது. அதற்கு வீட்டாரோடு ஒரு சங்கேத வார்த்தை பேசி வைத்துக்கொள்ளுங்கள். "செவலை மாடு சினையா இருக்கா?" என்று நீங்கள் கேட்டால் "எனக்கு ஆபத்து" என்று அர்த்தம். உங்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரி ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

நம் குழு என்ன செய்யலாம்?

உறுப்பினர் ஒருவர் வெளிநாடு கிளம்பினால், அதற்கு முந்தைய கூட்டத்தில் இதைப் பேச வேண்டும். விமான எண், இறங்கும் நேரம் (நம்ம ஊர் நேரத்தில்), போகும் முகவரி, அங்குள்ளவர் போன் எண், பாஸ்போர்ட் எண் ஆகியவற்றைக் குழுவின் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஜெராக்ஸ் ஒரு செட் குழுவிடம் இருக்கட்டும். அவர் இறங்கும் ராத்திரியில் இரண்டு உறுப்பினர்கள் போனைப் பக்கத்தில் வைத்து விழித்திருங்கள். வீட்டில் ஆண்கள் தூங்கிவிடலாம், சிக்னல் இல்லாமல் போகலாம். இரண்டு பேர் இருந்தால் ஒருவராவது எடுப்பார். சொன்ன நேரத்திலிருந்து ஆறு மணி நேரம் ஆகியும் தகவல் இல்லையென்றால், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள்.

பெண் வெளிநாடு போகிறாள் என்றால் வாசலில் நின்று கையசைத்து வழியனுப்புவதோடு நம் வேலை முடிந்துவிடக் கூடாது. "இறங்கிட்டேன், வீட்டுக்கு வந்துட்டேன்" என்ற போன் வரும் வரை அது குழுவின் பொறுப்பு.

வெட்டி எடுத்துப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்

ஆபத்தில் போலீசை அழைக்க:
மலேசியா – 999
சிங்கப்பூர் – 999 (ஆம்புலன்ஸ் 995)
துபாய், அபுதாபி – 999
கத்தார், பஹ்ரைன் – 999
ஓமன் – 9999
குவைத் – 112

ஊரில் இருப்பவர்கள் உதவி கேட்க: தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகம், கட்டணமில்லா எண் 1800 309 3793.

போகும் நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் எண்ணை, கிளம்பும் முன் கேட்டு இங்கே எழுதிக்கொள்ளவும்: ........................